கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் கனவான்கள்

கடவுச்சொல்லை மாற்றுங்கள், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வையுங்கள், இடையிடையே இலக்கங்களைச் செருகுங்கள், அறியாதவர் அனுப்பும் இணைப்புகளை அழுத்தாதீர்கள். இருபது வருடங்களாக இந்த உபதேசத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியிலும் இதுவே. பத்திரிகைகளின் கணினிப் பக்கத்திலும் இதுவே. எங்கோ ஒரு பெருநிறுவனத்தின் வழங்கிகளிலிருந்து கோடிக்கணக்கான மனிதரின் விபரங்கள் களவாடப்பட்டால், மறுநாள் அந்நிறுவனம் விடுக்கும் அறிக்கையின் கடைசிப் பந்தியிலும் இதுவே. களவு எப்படி நடந்தது என்று எவரும் கேட்பதற்கு முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பாவனையாளர்தான் சங்கிலியின் பலவீனமான வளையமாம். கணினித்துறையினர் இதனை வேதவாக்காகவே ஓதி வருகின்றனர்.

நான் கலைப்பட்டதாரி. நிரல் எழுதத் தெரியாது. ஆனால் முப்பது வருடங்களாகச் செய்தித்தாளில் குப்பை கொட்டியவன் என்ற வகையில், விசாரணை அறிக்கைகளையும் நிறுவனங்களின் விளக்கக் கடிதங்களையும் வாசிக்கத் தெரியும்; அவற்றில் பழி எந்தத் திசையில் நகர்த்தப்படுகின்றது என்பதைக் கண்டுகொள்ளவும் தெரியும். கடந்த பதினைந்து வருடங்களில் வெளியான இத்தகைய அறிக்கைகளை வாசித்தபின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இதுதான்: பெருங்களவுகள் பலவற்றில் கடவுச்சொல்லை எவரும் உடைக்கவில்லை. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்து உள்ளே சென்ற பாவனையாளருக்கு இணையத்தளம் கொடுத்த நுழைவுத் துண்டைத்தான் களவெடுத்தார்கள். அந்தத் துண்டு சிந்தியதும் பெரும்பாலும் மென்பொருளைக் கட்டியவர்களின் கையிலிருந்துதான்.

அது என்ன நுழைவுத் துண்டு?

நல்லூர்த் திருவிழாவுக்குச் சைக்கிளில் போய் வந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்கள் முளைத்திருக்கும். சைக்கிளை ஒப்படைத்தால் இலக்கமிட்ட துண்டொன்றை அதிலே கொழுவிவிட்டு, அதே இலக்கமுள்ள மற்றத் துண்டைக் கையிலே தருவார்கள். சுவாமி கும்பிட்டுத் திரும்பி வந்து துண்டை நீட்டினால் சைக்கிள் கிடைக்கும். காவலுக்கு நிற்கும் பையன் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, துண்டைத்தான் பார்ப்பான். அத்தனை சனத்துக்குள் அவன் வேறென்ன செய்ய முடியும்? சனநெரிசலில் உங்கள் துண்டு இன்னொருவன் கைக்குப் போய்விட்டால், சைக்கிளும் அவனோடு போகும்.

இணையமும் அவ்வாறே இயங்குகின்றது. வலைப்பக்கங்களைப் பரிமாறும் எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. முதற் பக்கத்தைக் கேட்டவரும் இரண்டாம் பக்கத்தைக் கேட்பவரும் ஒரே ஆள்தானா என்பது அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 'குக்கி' என்று அதற்குப் பெயர். நீங்கள் ஒருமுறை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போனதும், தளம் எவராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவை ஒன்றை உங்கள் உலாவியிடம் கொடுத்துவிடும். அதன் பின்னர் நீங்கள் அழுத்தும் ஒவ்வோர் அழுத்தலின்போதும் உலாவி அந்தக் கோவையை மௌனமாக நீட்டிக்கொண்டிருக்கும். டோக்கன் என்று பொறியியலாளர் சொல்வது இவ்வகைத் துண்டைத்தான். அதனை வைத்திருப்பவர்தான் நீங்கள். உங்கள் கடவுச்சொல் நாற்பது எழுத்துகள் கொண்டதாக இருக்கலாம், கையடக்கத் தொலைபேசிக்கு இரகசிய இலக்கம் வருமாறு செய்திருக்கலாம், கைரேகையும் வைத்திருக்கலாம். அவையெல்லாம் வாசலில் முடிந்துபோன சடங்குகள். துண்டைக் கையில் வைத்திருப்பவனிடம் வாசல் எதனையும் மறுபடி கேட்பதில்லை.

நிற்க.

2023 ஒக்டோபரில் ஒக்டா என்னும் அமெரிக்க நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். இது சாதாரண நிறுவனமன்று. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் ஊழியர்கள் தத்தமது அலுவலகக் கணினிகளுக்குள் நுழைவதற்கான வாசலையே விற்பனை செய்யும் நிறுவனம். வாசற்காவல்தான் அதன் வியாபாரம். அதன் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏதேனும் கோளாறு ஏற்பட்டால், உதவிப் பிரிவினர் ஒரு கோப்பை அனுப்புமாறு கேட்பார்கள். 'ஹார்' கோப்பு என்பது அதன் பெயர். உலாவிக்கும் தளத்துக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் ஒன்றுவிடாமல் அதிலே பதிவாகியிருக்கும். முழுவதும் என்றால் நுழைவுத் துண்டும் சேர்த்துத்தான்.

பியோண்ட்ரஸ்ட் என்னும் வாடிக்கையாளர் நிறுவனத்தின் நிர்வாகி ஒருவர், ஒக்டா கேட்டபடியே அந்தக் கோப்பை அனுப்பிவைத்தார். அரை மணித்தியாலம் கழியுமுன் அதிலிருந்த துண்டை எவனோ பயன்படுத்தி உள்ளே நுழைய முயன்றான். காரணம், ஒக்டாவின் உதவிப் பிரிவுக் கணினிக்குள் ஏற்கனவே கள்வன் குந்தியிருந்தான். 134 வாடிக்கையாளரின் கோப்புகளை அவன் பார்த்திருந்தான். அவற்றுள் ஐவரின் துண்டுகளைப் பயன்படுத்தியுமிருந்தான். வன்பாஸ்வேர்ட் நிறுவனம் செப்டெம்பர் 29ஆம் திகதியே சந்தேகத்தைத் தெரிவித்தது. பியோண்ட்ரஸ்ட் ஒக்டோபர் 2ஆம் திகதி தெரிவித்தது. ஒக்டா உலகுக்கு அறிவித்தது ஒக்டோபர் 20ஆம் திகதி. நவம்பர் இறுதியில், உதவிப் பிரிவைப் பயன்படுத்திய அத்தனை வாடிக்கையாளரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அடங்கிய பட்டியலும் போய்விட்டது என்று இன்னொரு அறிவிப்பு வந்தது. முதலில் நூற்றிமுப்பத்துச் சொச்சம், பிறகு எல்லோரும். விபத்துச் செய்திகளில் இறந்தவர் தொகை மணிக்கு மணி ஏறுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

இங்கே எனக்கு எரிச்சலூட்டியவை இரண்டு. ஹார் கோப்பை எவருக்கும் கொடுக்குமுன் அதிலுள்ள இரகசியங்களைத் துடைத்துவிட்டுக் கொடுக்கவேண்டும் என்று ஒக்டா தன் அறிவித்தலிலே சிபாரிசு செய்தது. கோப்பைக் கேட்டவர்கள் இவர்கள். அதில் என்ன இருக்கும் என்பதை அறிந்தவர்கள் இவர்கள். வந்ததும் தாமே துடைத்துவிட்டு வைப்பதற்கு வசதி உள்ளவர்களும் இவர்கள். துடைக்கவேண்டியவர் மட்டும் வாடிக்கையாளராம். இரண்டாவது, கள்வன் எப்படி உள்ளே வந்தான் என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம். ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியின் உலாவியில் தமது சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார், அலுவலகக் கணக்கொன்றின் கடவுச்சொல் அதிலே போய்ச் சேமிக்கப்பட்டுவிட்டது, அங்கிருந்து களவு போயிருக்கக்கூடும் என்றார்கள். பத்திரிகையில் அவதூறான ஒரு வரி அச்சாகிவிட்டால் ஒப்புநோக்குநரைப் பிடித்துக் கொடுப்பது போன்ற வேலை இது. அலுவலகக் கணினியில் சொந்தக் கணக்கைத் திறக்க இடம் வைத்தவர் யார்? அச்சம்பவத்துக்குப் பின் அதே நிறுவனம் அந்த வசதியைத் தடைசெய்தது. நிர்வாகிகளின் துண்டை வலையமைப்பு இருப்பிடத்தோடு பிணைக்கும் வசதியையும் வெளியிட்டது. இரண்டுமே களவுக்கு முன்னர் செய்யக்கூடியவைதாம்.

இந்த ஹார் கோப்பு விவகாரம் எப்படி முடிந்தது தெரியுமா? 2024இல் கூகுளின் குரோம் உலாவி, அத்தகைய கோப்பைச் சேமிக்கும்போது குக்கிகளையும் அனுமதித் தலைப்புகளையும் தானாகவே நீக்கிவிடுவதை இயல்பமைப்பாக்கியது. அவை வேண்டுமென்றால் பாவனையாளர் தேடிப்போய் இயக்கவேண்டும். அவ்வளவுதான். 'துடைத்துவிட்டு அனுப்புங்கள்' என்று உலகெங்கும் உள்ள நிர்வாகிகளுக்கு வருடக்கணக்காக ஓதிச் சாதிக்க முடியாததைக் கருவியைச் செய்தவர்கள் ஒரேயொரு மாற்றத்தால் சாதித்தார்கள்.

இதனை நான் மீண்டும் மீண்டும் காண்கிறேன். துண்டுகள் சிந்துவது எப்போதாவது குறைந்திருந்தால், அது செய்தவர்கள் இயல்பமைப்பை மாற்றியபோதுதான் குறைந்தது.

முகவரி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் எத்தனையோ தளங்கள் நுழைவுத் துண்டை முகவரி வரியிலேயே எழுதிவைத்தன. சைக்கிள் துண்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவது போன்றது இது. முகவரியானது உலாவியின் வரலாற்றில் பதிவாகும். வழங்கியின் பதிவேட்டில் பதிவாகும். நண்பருக்கு வெட்டி ஒட்டி அனுப்பினால் அவரிடமும் போகும். இவை போதாவென்று இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவும்போது, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை உலாவி அந்தத் தளத்துக்குச் சொல்லிவிடும். அதற்கான தலைப்புக்கு 'ரெபரர்' என்று பெயர். (1996இல் வெளியான எச்.டி.டி.பி. ஆவணத்திலேயே அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. இன்றுவரை அந்த எழுத்துப்பிழையோடுதான் உலகத்து உலாவிகள் யாவும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஒப்புநோக்குநரை வேலைக்கு வைக்காததன் பலன் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு.)

இந்த வழியாலே பேஸ்புக்கின் துண்டுகள் சிந்தியதை 2011 மே மாதத்தில் சிமன்டெக் நிறுவனம் வெளிப்படுத்தியது. பேஸ்புக்கில் ஓடிய விளையாட்டுகளும் பிற செயலிகளும், பாவனையாளரின் துண்டை முகவரி வரியில் பெற்று, அறிந்தோ அறியாமலோ விளம்பர நிறுவனங்களுக்கும் பிறருக்கும் கடத்திக்கொண்டிருந்தன. அவ்வருட ஏப்ரலில் அத்தகைய செயலிகள் ஏறக்குறைய ஒரு இலட்சம் என்பது சிமன்டெக்கின் மதிப்பீடு. அந்தத் துண்டைக் கொண்டு சுயவிபரத்தையும் படங்களையும் உரையாடல்களையும் பார்க்கலாம். பாவனையாளருக்குச் சொல்லப்பட்ட பரிகாரம் வழக்கமானதுதான்: கடவுச்சொல்லை மாற்றுங்கள். நியாயமாகச் சொல்வதானால், அந்த இடத்தில் அது பலனளிக்கக்கூடியதே. ஏனெனில் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய துண்டுகள் செல்லாமற் போகும்படி பேஸ்புக் அமைத்திருந்தது. ஆனால் எல்லாத் தளங்களும் அப்படி அமைக்கப்படுவதில்லை. கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் பழைய துண்டு பல நாட்கள் உயிரோடு இருக்கும் தளங்களில் இந்த உபதேசத்தால் எந்தப் பயனும் இல்லை. களவு நின்றுவிட்டது என்று நம்பி உறங்கும் மனிதனுக்கு அது தீங்கும் செய்கிறது.

ரெபரர் வழியான ஒழுக்கு பெருமளவு அடைபட்டது எப்போது? 2020இல் குரோம் உலாவி, வேற்றுத் தளத்துக்குப் போகும்போது முழு முகவரியைச் சொல்லாமல் தளத்தின் பெயரை மாத்திரம் சொல்வதை இயல்பமைப்பாக்கியபோது. அதற்கும் எந்தப் பாவனையாளரும் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை.

செலவாகும், வேகம் குறையும் என்பார்கள். இந்தச் சாட்டும் பழையதுதான். 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்னும் அமெரிக்க இளைஞர் 'பயர்ஷீப்' என்றொரு சிறு கருவியை வெளியிட்டார். கோப்பிக்கடை வைபையில் அமர்ந்துகொண்டு அதனை இயக்கினால், பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக் துண்டும் டுவிட்டர் துண்டும் படத்தோடு உங்கள் திரையில் தோன்றும். அழுத்தினால் நீங்கள்தான் அவர். அக்காலத்தில் அந்தத் தளங்கள் கடவுச்சொல்லை வாங்கும் பக்கத்துக்கு மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, அதன் பின்னர் துண்டை வெட்டவெளியில் அனுப்பிக்கொண்டிருந்தன. இது எல்லாப் பொறியியலாளருக்கும் தெரிந்த பிழை. தெரிந்திருந்தும் செய்யாததற்குச் சொல்லப்பட்ட காரணம் மறையாக்கத்தின் செலவு. ஆனால் அதே வருடம் ஜனவரியில் கூகுள் ஜிமெயில் முழுவதையும் இயல்பாகவே மறையாக்கத்துக்கு மாற்றியிருந்தது. அதற்குத் தேவைப்பட்ட கணினி வலு ஒரு வீதத்துக்கும் குறைவு என்று அதன் பொறியியலாளர் எழுதியும் இருந்தார். பயர்ஷீப்பால் மானம் போன பின்னர், 2011 ஜனவரியில் பேஸ்புக் மறையாக்கத்தை விரும்பியவர் தெரிவுசெய்யும் வசதியாகக் கொடுத்தது. எல்லோருக்கும் பொதுவாக்க 2013 வரை எடுத்துக்கொண்டது. அந்த இரண்டரை வருடமும் 'பொது வைபையில் கவனமாக இருங்கள்' என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தோம், நாங்களும்தான்.

பாவனையாளரிடம் பிழையே கிடையாதா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். இருக்கிறது. 2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்னும் பிரபல யூடியூப் அலைவரிசை களவாடப்பட்டது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த கோப்பை அங்கிருந்த ஊழியர் ஒருவர் திறந்தார். அதற்குள் இருந்த தீநிரல் உலாவியிலிருந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டடுக்குச் சரிபார்ப்பு எதுவும் கைகொடுக்கவில்லை. இன்று தமிழில் யூடியூப் அலைவரிசை நடத்திப் பிழைக்கும் இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு வரும் விளம்பரக் கடிதங்களிலும் இதே தூண்டில் இருக்கும். திறந்தது பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வேறொரு கணினியிலிருந்து வந்த துண்டைக்கொண்டு, கோடிக்கணக்கானோர் பின்தொடரும் அலைவரிசையின் பெயரை மாற்றவும் காணொளிகளை மறைக்கவும் அழிக்கவும் முனைந்தபோது, 'கடவுச்சொல்லை மீண்டும் ஒருமுறை சொல்லும்' என்று கேட்பதற்கு அந்தத் தளத்தில் ஒருவரும் இல்லையே, அது யாருடைய பிழை? நூறு ரூபாவுக்குக் காசோலை மாற்றும்போதுகூடக் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். துண்டை அது வழங்கப்பட்ட கணினியோடு பிணைத்து, வேறு கணினியில் செல்லாதபடி ஆக்கும் திட்டமொன்றைக் கூகுள் அறிவித்தது 2024இல். குக்கி பிறந்து முப்பது வருடம்.

பத்திரிகைக்காரனாகிய எனக்கு இவ்விடயத்தில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. 2017 மார்ச்சில் அமெரிக்க நீதித் திணைக்களம் ரஷ்ய உளவு நிறுவனமான எப்.எஸ்.பி.யின் அதிகாரிகள் இருவர் மீதும் வேறு இருவர் மீதும் குற்றப்பத்திரம் வெளியிட்டது. யாஹூ நிறுவனத்திலிருந்து 2014இல் 50 கோடிக் கணக்குகளின் விபரத்தைக் களவெடுத்து, அதனைக் கொண்டு போலி நுழைவுத் துண்டுகளைத் தாமே அச்சடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஏறக்குறைய 3 கோடியே 20 இலட்சம் கணக்குகளில் போலிக் குக்கிகள் பயன்பட்டிருக்கலாம் என்று யாஹூவே தெரிவித்தது. இலக்கு வைக்கப்பட்டவர்களில் ரஷ்யப் பத்திரிகையாளர்களும் அடக்கம். அந்தப் பத்திரிகையாளரின் மின்னஞ்சலில் இருந்தவை அவருடைய இரகசியங்கள் மாத்திரமல்ல. அவரை நம்பிப் பேசியவர்களின் பெயர்களும்தான். அவருடைய கடவுச்சொல் எவ்வளவு வலுவானதாக இருந்திருந்தால் என்ன? யாஹூ இந்தக் களவை உலகுக்கு அறிவித்தது 2016 செப்டெம்பரில். இடைப்பட்ட இரண்டு வருடமும் அவருடன் பேசியவர்கள் எதை நம்பிப் பேசினார்கள்?

எல்லாவற்றிலும் மேலாக மைக்ரோசொப்ட்டின் கதை இருக்கிறது. சீனாவோடு தொடர்புடைய குழுவொன்று, மைக்ரோசொப்ட் 2016இல் உருவாக்கிய ஒப்பமிடும் திறவுகோல் ஒன்றைக் கைப்பற்றி, தமக்கு வேண்டிய துண்டுகளைத் தாமே ஒப்பமிட்டு உற்பத்தி செய்துகொண்டது. அமெரிக்க வர்த்தகச் செயலாளரின் அஞ்சலும் சீனாவுக்கான தூதுவரின் அஞ்சலும் வாசிக்கப்பட்டன. இராஜாங்கத் திணைக்களத்திலிருந்து மட்டும் ஏறக்குறைய 60,000 மின்னஞ்சல்கள் போயின. சாதாரண பாவனையாளருக்கென்று செய்யப்பட்ட அத்திறவுகோலுக்கு அரசாங்க அஞ்சலும் திறந்துகொண்டது ஒரு பிழை. எப்போதோ அழித்திருக்கவேண்டிய திறவுகோல் 2023 வரை உயிரோடு இருந்தது இன்னொரு பிழை. மைக்ரோசொப்ட் அத்தகைய திறவுகோல்களைக் கையாலே மாற்றி வந்தது. 2021இல் அவ்வாறு மாற்றப்போய்ப் பெரியதொரு தடங்கல் ஏற்பட, மாற்றுவதையே நிறுத்திவிட்டது. பூட்டை மாற்றும்போது கதவு இறுகிக்கொண்டது என்பதற்காகப் பூட்டு மாற்றுவதையே கைவிட்ட வீட்டுக்காரரை எவரேனும் கண்டதுண்டா?

இக்களவைக் கண்டுபிடித்தது மைக்ரோசொப்ட் அன்று, இராஜாங்கத் திணைக்களம். 2023 ஜூனில் அஞ்சற் பெட்டிகளை யார் திறந்தார்கள் என்ற பதிவேட்டைப் பார்த்து அது கண்டுபிடித்தது. அந்தப் பதிவேடு எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைக்கவில்லை. கூடுதல் பணம் செலுத்தியவர்களுக்கே கிடைத்தது. துண்டைச் சிந்தியவர்களே, சிந்திய துண்டால் யார் உள்ளே வந்தார் என்று பார்க்கும் வசதியை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். விடயம் அம்பலமானதும், 2023 ஜூலையில், அப்பதிவேடுகளில் பலவற்றைக் கூடுதற் கட்டணமின்றித் தருவதாக அறிவித்தார்கள்.

திறவுகோல் போனது எப்படி என்பதற்கு அவ்வருட செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் ஒரு விளக்கம் வெளியிட்டது. கணினி ஒன்று செயலிழந்தபோது பதிவான நினைவகக் கோப்பில் திறவுகோல் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று. பத்திரிகைகள் யாவும் அதனை அச்சிட்டன. அப்படியொரு கோப்பை அவர்கள் உண்மையிற் கண்டதேயில்லை என்ற திருத்தம் வந்தது 2024 மார்ச்சில், அதுவும் விசாரணைச் சபை மீண்டும் மீண்டும் கேட்ட பின்னர். ஆறு மாதம்! ஒரு பிரதேச நிருபர் கூட்டமொன்றுக்கு வந்தவர் தொகையைக் கூட்டி எழுதிவிட்டால் மறுநாளே திருத்தம் போடவேண்டும் என்று நமக்குக் கற்பித்தார்கள். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு மீளாய்வுச் சபை 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், இக்களவு தடுத்திருக்கக்கூடியது என்றும் அது நடந்திருக்கவே கூடாது என்றும் தீர்ப்புச் சொன்னது. (அந்தச் சபையின் உறுப்பினர்கள் 2025 ஜனவரியில் புதிய நிர்வாகத்தால் நீக்கப்பட்டார்கள். உண்மையை எழுதிய ஆணைக்குழுக்களின் கதி நமக்கு அந்நியமானதன்று.)

சட்டம் விழித்துக்கொண்ட இடமும் ஒன்று உண்டு. 2018 செப்டெம்பரில் பேஸ்புக்கில் 'பிறர் பார்வையில் என் பக்கம்' என்ற வசதியின் ஓட்டையால் ஏறக்குறைய 3 கோடிப் பேரின் துண்டுகள் போயின. மூன்று வழுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்த ஓட்டை அது; 2017 ஜூலை முதல் திறந்து கிடந்தது. முற்காப்பாக 9 கோடிப் பேரின் துண்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. அவர்களில் ஒருவர்கூட எதனையும் பிழையாக அழுத்தவில்லை, எதனையும் திறக்கவில்லை. 2024 டிசெம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு இதற்காக மெட்டா நிறுவனத்துக்கு 25 கோடியே 10 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. அந்தத் தொகை எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். களவை அறிவித்ததிலும் பதிவுசெய்ததிலும் இருந்த குறைகளுக்கு 1 கோடியே 10 இலட்சம். மிகுதி 24 கோடியும், வடிவமைப்பிலும் இயல்பமைப்பிலும் பாதுகாப்பை வைக்காத குற்றத்துக்கு. கடவுச்சொல்லைப் பற்றி அதிலே பேச்சே இல்லை. ஆறு வருடம் தாமதித்து வந்த தீர்ப்பு என்றாலும், பழியை அது சரியான வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

இந்த மென்பொருள்களைக் கட்டுகிறவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். சென்னையிலும் கொழும்பிலும் பெங்களூரிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரவு பகலாக இதே வேலையைச் செய்யும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் இப்பத்தியை வாசிக்கக்கூடும். அவர்களிடம் இதைப்பற்றிக் கேட்டால் ஒருவரும் தெரியாது என்று சொல்வதில்லை. துண்டை முகவரி வரியில் வைக்கக்கூடாது, பக்கத்தில் ஓடும் பிறரது நிரல் தொடாதபடி குக்கியைப் பூட்டிவைக்கவேண்டும், பதிவேட்டில் எழுதுமுன் துடைக்கவேண்டும், ஆயுளைக் குறுக்கவேண்டும், திறவுகோல்களை நிரற் களஞ்சியத்தில் போட்டுவைக்கக்கூடாது என்றெல்லாம் மடைதிறந்தாற்போல் சொல்வார்கள். குக்கியைப் பூட்டிவைக்கும் வசதி 2002இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலேயே வந்துவிட்டது. பிறகு ஏன் செய்வதில்லை என்றால், முகாமையாளர் நேரம் தரவில்லை, அடுத்த வெளியீட்டில் பார்ப்போம் என்றார்கள், வாடிக்கையாளர் அதற்குப் பணம் தருவதில்லை என்பதே பதில். பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. நேரம் தராத கனவான்கள்தாம், களவு போன மறுநாள் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி நமக்கு அறிக்கை விடுபவர்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரேயொரு வேண்டுகோள். நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் பாவனையாளர் 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தும்போது, அவருடைய துண்டு வழங்கியிலும் செத்துப்போகிறதா, அல்லது அவருடைய உலாவியிலிருந்து மாத்திரம் மறைகிறதா? இரண்டாவதுதான் என்றால், ஏற்கனவே பிரதி எடுத்துவைத்திருப்பவன் கையில் அது இன்னும் செல்லுபடியாகும். நாளைக் காலைக் கூட்டத்தில் இதனைக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை, சொன்னவர் பெயரோடும் திகதியோடும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.